வன்னியில் பச்சைப் பட்டாணி: விதை எப்ப போடுறது, பூ ஏன் கொட்டுது?

கிணத்தடித்தோட்டம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். இடம் விசுவமடுப் பக்கம், செம்மண். வளவுக்குள்ளே 10 அடிக்கு 4 அடியில் ஒரு துண்டு ஒதுக்கியிருக்கு. நல்ல தண்ணிக் கிணறு, முழு வெயில், மேற்குப் பக்கத்தில் மட்டும் வேலி நிழல் பின்னேரம் விழும். இந்த மாரியில் அதிலே பச்சைப் பட்டாணி போட யோசனை.

போன முறை பொங்கல் முடிஞ்ச கையோடு போட்டது. பலசரக்குக் கடையில் வாங்கின முழுப் பட்டாணி, இரவிரவாய் ஊறவைச்சு, தட்டை நிலத்தில் ஊன்றினது. பாதி மண்ணுக்குள்ளேயே கூழாய்ப் போச்சு. மிச்சம் முளைச்சுக் கொடி விட்டு, மாசிக் கடைசியில் பூத்துது, ஆனால் ஒரு காயும் பிடிக்கேல்லை. பூ காம்போடு உதிர்ந்து விழுந்தது. தேனீ வராததுதான் காரணம் என்று பக்கத்து வளவு அக்கா சொல்லுறா.

வன்னியில் இது சரிவருமா? வருமென்றால் எப்ப போடவேணும், எந்த விதை, பசளை எவ்வளவு? அளவோடு சொன்னால் பெரிய உதவி.

செம்மண்:

சரிவரும் தம்பி, ஆனால் வருசத்தில் ஒரே ஒரு தரம். அந்த ஒரு தரத்தைத் தவறவிட்டால் எந்தப் பசளையும் காப்பாற்றாது.

முதலில் தேனீக் கதையை முடிப்பம். பட்டாணிக்குத் தேனீ தேவையில்லை. நாளைக்கு விரியப்போற மொட்டு ஒன்றை எடுத்து, வெளியிதழை நீக்கி, உள்ளே படகு மாதிரிக் குவிஞ்சிருக்கிற இதழைக் குண்டூசியால் கீறிப் பாருங்கோ. மஞ்சள் மா சூலகத்தின் முனையில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும். பூ விரிய முதலே மொட்டுக்குள்ளே மகரந்தச் சேர்க்கை முடிஞ்சிடும். ஆகவே பூ கொட்டினது பூச்சி வராததால் இல்லை, சூட்டால். பூக்கிற நேரம் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேலே நாள்கணக்காய் நின்றால் மகரந்தம் பலவீனமாகும், சூல் கருகும், செடி தானே பூவைக் கழட்டி விடும். இரவும் சூடாய் இருந்தால் இன்னும் மோசம். நுவரெலியாவில் இது நல்லாய் வாறதுக்குக் காரணம் மண் இல்லை, 1,868 மீற்றர் உயரமும் அந்தக் குளிரும்தான். நீங்கள் மாசிக் கடைசியில் பூக்க விட்டிருக்கிறியள். அந்த நேரம் வன்னியில் பகல் 32ஐத் தாண்டத் தொடங்கியிருக்கும்.

அதனால் விதைக்கிற நாளைப் பூக்கிற நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் பிடிக்கவேணும். எங்கடை பக்கம் ஆகக் குளிரான காலம் மார்கழி நடுவிலிருந்து தை முடியும் வரை. இரவு 21, 22 பாகைக்கு இறங்கும், விடியப் பனி விழும், பகலும் பெரும்பாலும் 30க்குள்ளே நிற்கும். பூ முழுக்க இந்த ஆறு கிழமைக்குள்ளே விழவேணும். குட்டை இனம், வெள்ளனப் பூக்கிறது என்றால் விதைச்சு 30 முதல் 35 நாளில் முதல் பூ. கணக்குப் பாருங்கோ: கார்த்திகை 10 முதல் 25 வரை, அதாவது நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை. அதுக்கு முந்தினால் அடைமழையில் விதை அழுகும். பிந்தினால் கடைசிப் பூவெல்லாம் மாசி வெயிலில் மாட்டும்.

விதை. கடைப் பட்டாணியை விட்டிடுங்கோ. அது சமையலுக்கு என்று காயவிட்டு அறுவடை செய்த வயல் இனம், பெரும்பாலும் இறக்குமதி. நீளக் கொடி விடும், பிந்திப் பூக்கும், எத்தனை வருசம் களஞ்சியத்தில் கிடந்தது என்றும் தெரியாது. தோட்ட இனம் கேட்டு வாங்குங்கோ. ஆர்க்கெல் என்று இந்தியாவில் பரவலாய் விற்கிற குட்டை இனம் ஒன்றரை, இரண்டு அடிதான் வளரும், விதைச்சு 55 முதல் 60 நாளில் முதல் காய். வாண்டோ கிடைச்சால் அதுவும் நல்லது, சூட்டைக் கொஞ்சம் கூடத் தாங்கும் என்று பெயர் எடுத்தது. பைக்கற்றில் முளைதிறனும் பொதி செய்த திகதியும் பாருங்கோ. ஒரு எச்சரிக்கை: பூக்கன்று விற்கிற இடத்தில் ஸ்வீட் பீ என்று எழுதியிருக்கிற பைக்கற் வாசப் பூக்கொடி. அதின்ரை விதை நஞ்சு, சமையலுக்கு ஆகாது.

வாங்கின விதையில் 20 எடுத்து ஈரத்துணியில் சுருட்டி, ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு நிழலில் வையுங்கோ. ஆறு நாளில் 16க்குக் குறையாமல் முளைச்சால் நம்பிப் போடலாம். 12 என்றால் அடர்த்தியைக் கூட்டுங்கோ. அதுக்குக் கீழே என்றால் வேறை விதை தேடுங்கோ.

இரவிரவாய் ஊறவைச்சதுதான் உங்கடை விதை கூழானதுக்கு முதல் காரணம். பட்டாணி விதை தண்ணியை அவசரமாய் உறிஞ்சும். எங்கடை சூட்டில் 10, 12 மணித்தியாலம் தண்ணிக்குள்ளே கிடந்தால் காற்றில்லாமல் உள்ளே மூச்சடைக்கும், தோல் வெடிச்சு மாவும் சீனியும் வெளியே கசியும். அதை மண்ணில் போட்டால் பங்கசுக்கு விருந்து. நாலு மணித்தியாலம் காணும். பிறகு தண்ணியை வடிச்சு ஈரத்துணியில் சுற்றி ஒன்றரை, இரண்டு நாள். வேர் முனை ஒரு நெல் அளவுக்கு எட்டிப் பார்த்ததும் மண்ணுக்குப் போகவேணும். அதை விட நீண்டால் நடுகிற நேரம் ஒடியும்.

பாத்தி: மழைக்காலம், ஆகவே தட்டை நிலம் கூடவே கூடாது. ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி, சுற்றிவரத் தண்ணி ஓட வாய்க்கால். உங்கடை 40 சதுர அடிக்கு நல்லாய் மக்கின மாட்டெரு 10 கிலோ, டி.எஸ்.பி என்கிற பொஸ்பேற்றுப் பசளை 40 கிராம். இரண்டையும் விதைக்க 10 நாளுக்கு முதல் மேல் அரையடி மண்ணோடு கலவுங்கோ. பச்சை எரு போடாதேங்கோ. சாம்பல் போட விருப்பம் என்றால் ஒரு சிரட்டை, அதுவும் எருவோடு சேர்த்து அப்பவே.

நாலு அடி அகலத்தில் இரண்டு சோடி வரிசை. ஒரு சோடிக்குள்ளே வரிசைக்கு வரிசை நாலு அங்குலம், சோடிக்குச் சோடி இரண்டு அடி. விதைக்கு விதை இரண்டு அங்குலம், ஆழம் ஒரு அங்குலம். கோடையாய் இருந்தால் ஒன்றரை என்று சொல்லுவன், மாரியில் ஒன்றுக்கு மேலே போகாதேங்கோ. மொத்தம் 240 குழி. விதை 60 கிராம் இருந்தால் போதியது போக இடைவெளி நிரப்பவும் மிஞ்சும்.

குளக்கட்டு:

செம்மண் அண்ணை சொன்ன நாட்கணக்கு சரி. அவர் தொடாத ஒரு விசயம் வேருக்குள்ளே இருக்கு, வன்னியில் முதல் முறை பட்டாணி போடுறவை எல்லாரும் இதிலே சறுக்குவினம்.

"அவரையினப் பயிர், தானே நைதரசன் எடுத்துக்கொள்ளும், யூரியா தேவையில்லை" என்று படிச்சிருப்பியள். அது பொதுவாய் உண்மை. ஆனால் நைதரசனை எடுக்கிறது செடி இல்லை, வேர்முடிச்சுக்குள்ளே குடியிருக்கிற பக்டீரியா. ஒவ்வொரு பயிர்க்கூட்டத்துக்கும் அது வேறை. கௌபி, பயறு, உழுந்து, கச்சான் எல்லாம் ஒரு கூட்டம், அதுகளுக்கான பக்டீரியா எங்கடை மண்ணில் தாராளமாய் இருக்கு. பட்டாணிக்கு வேண்டியது வேறை வகை, மைசூர்ப் பருப்புச் செடியோடு பங்கு போடுறது. பட்டாணியே விளையாத நிலத்தில் அது இருக்காது, இருந்தாலும் மிகக் குறைவு. கௌபி வேரில் கொத்துக் கொத்தாய் முடிச்சு வாற அதே பாத்தியில் பட்டாணி வேர் வெறுமையாய் இருக்கிறதுக்கு இதுதான் காரணம். மூன்றாம் கிழமையில் அடியிலை மஞ்சளாகும், செடி நிண்ட இடத்தில் நிற்கும். நோய் என்று நினைச்சு மருந்து அடிப்பினம்.

25ஆம் நாள் ஒரு செடியைத் தியாகம் செய்யுங்கோ. இழுக்காமல், சுற்றிவர மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணியில் மெதுவாய் அலசுங்கோ. முடிச்சு இருந்தால் ஒன்றை நகத்தால் வெட்டிப் பாருங்கோ. உள்ளே இளஞ்சிவப்பாய், மீன் இறைச்சி நிறத்தில் இருந்தால் வேலை செய்யுது. வெள்ளையாய் அல்லது பச்சையாய் இருந்தால் வெறும் குடித்தனம், சம்பளம் வராது. இன்னொன்று: முடிச்சை விரலால் தேய்ச்சால் கழன்று வரும். கழராமல் வேரே வீங்கித் திரணை திரணையாய் இருந்தால் அது வேர்முடிச்சுப் புழு, நல்லதில்லை. முந்திக் கத்தரி போட்ட இடம் என்றால் கட்டாயம் பாருங்கோ.

முடிச்சு வரும் என்று நம்பிக் காத்திருக்காமல் முதல் வருசம் கொஞ்ச யூரியா குடுக்கவேணும். 40 சதுர அடிக்கு 15 கிராம், அதாவது மட்டமாய் மூன்று தேக்கரண்டி, 10 லீற்றர் தண்ணியில் கரைச்சு வேரடியில். 12ஆம் நாள் ஒன்று, 25ஆம் நாள் ஒன்று. இலையில் பட்டால் பிறகு வெறும் தண்ணியால் கழுவி விடுங்கோ. முடிச்சு சிவப்பாய் இருந்தால் இரண்டாவதை விட்டிடலாம். அதுக்கு மேலே போட்டால் கொடி கருகரு என்று வளரும், பூ பிந்தும். பிந்தினால் என்ன நடக்கும் என்று மேலே அண்ணை சொல்லிட்டார்.

வடலி:

பக்டீரியா இல்லையென்றால் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் போய்வாறவையிடம் சொல்லி, பட்டாணி நிண்ட பாத்தி மண் ஒரு கிலோ எடுப்பிச்சுக் கலந்துவிட்டால் சரிதானே? பழைய ஆக்கள் அப்படிச் செய்யலாம் என்று சொல்லுவினம்.

குளக்கட்டு:

முடிச்சு வரும். ஆனால் அதோடு கூட என்ன வரும் என்று யோசியுங்கோ. அது உருளைக்கிழங்கு விளையிற மண். கிழங்கைத் தாக்குகிற பக்டீரியா வாடல் அந்த மண்ணோடு வந்தால், அடுத்த போகம் அதே பாத்தியில் வைக்கிற தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் அது பிடிக்கும். பச்சையாய் நிண்ட செடி ஒரே பகலில் தலை சாயும், மருந்தில்லை. ஒரு பிடி பட்டாணிக்காக அந்த ஆபத்தை வளவுக்குள்ளே கூப்பிட வேண்டாம். பட்டாணிக்கு என்று தயாரிச்ச நுண்ணுயிர்ப் பொடி கிடைச்சால் விதையில் புரட்டிப் போடலாம். பொதியில் எந்தப் பயிருக்கு என்று எழுதியிருக்கும், சோயாவுக்கானது பட்டாணிக்கு உதவாது. நிறம் பூசின, மருந்து போட்ட விதையோடு அதைக் கலக்கவும் கூடாது, பக்டீரியா செத்துப்போகும். கிடைக்காட்டி யூரியாக் கணக்கே காணும்.

கிணத்தடித்தோட்டம்:

மிக்க நன்றி. கார்த்திகையில் அடைமழை விடாமல் கொட்டினால் என்ன செய்யிறது? நாள் தவறிப் போகுமே. அடுத்தது மயில். எங்கடை பக்கம் முளை தலை நீட்டினவுடனே கொத்திப்போடும். குரங்கும் இருக்கு.

அலம்பல்வேலி:

மழைக்கு வழி: கோப்பையில் முளைக்க வைச்சு நடுங்கோ. யோகட் கப் அடியில் மூன்று துளை, பாதி மணல் பாதி மக்கினது, ஒரு கப்புக்கு இரண்டு விதை. கூரைத் தாழ்வாரத்தில், மழை படாமல், ஆனால் வெளிச்சம் வாற இடத்தில் வைக்கவேணும். இருட்டில் வைச்சால் நூலாய் நீண்டு விழும். 8 முதல் 10 நாளில், மூன்றாவது இலை விரியிற நேரம், கட்டி குலையாமல் நடுங்கோ. பட்டாணிக்கு வேரைக் குழப்பினால் பிடிக்காது, அதனால் இரண்டு கிழமைக்கு மேலே கப்பில் வைக்கக் கூடாது. 240 கப் யாரும் அடுக்க மாட்டினம், பாதியைக் கப்பிலும் பாதியை நேரேயும் போடலாம். அல்லது பாத்திக்கு மேலே வளைச்ச தடி குத்தி, மழை கொட்டுகிற இரவில் மட்டும் தறப்பாள் போட்டு விடியக் கழட்டுங்கோ. பகலிலும் மூடி வைச்சால் உள்ளே வேகும்.

மயிலுக்கு முல்லைத்தீவுக் கரையில் கழிக்கிற பழைய மீன்வலை போல ஒன்று வராது. பாத்தியைச் சுற்றி மட்டும் கட்டினால் மேலால் இறங்கும், மேலேயும் மூடவேணும். வலையைச் செடியில் படுக்க விடாமல் இரண்டு அடி உயரத்தில் இழுத்துக் கட்டுங்கோ. ஓரத்தை மண்ணோடு கல் வைச்சு அமத்தவேணும், இல்லாட்டி முயல் கீழால் நுழையும். குரங்குக்கு வலை கொஞ்ச நாளைக்குத்தான். காய் பிடிச்ச பிறகு ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் பாத்தி இருக்கிறதுதான் காவல், கிணத்தடி என்றது உங்களுக்கு நல்ல வாய்ப்பு.

மயில் தலையைக் கொத்திப் போட்டால் செடியைப் பிடுங்கி எறியாதேங்கோ! பயிற்றங்காய், கௌபி எல்லாம் பருப்பை மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும், அதுக்குக் கீழே ஒடிஞ்சால் செத்தது. பட்டாணி அப்படி இல்லை. பருப்பு மண்ணுக்குள்ளேயே இருக்கும், அதின்ரை கணுவில் உறங்குகிற முளை ஒன்று ஐந்தாறு நாளில் எழும்பி வரும். ஒரு கிழமை பிந்தும், அவ்வளவுதான்.

இனி ஊன்றுகோல். இதிலே நிறையப் பேர் பயிற்றங்காய்க்குக் குத்துற மாதிரிப் பருத்த தடி குத்துவினம். பயிற்றங்காய்க்குத் தண்டே சுற்றி ஏறும். பட்டாணி இலை நுனியில் இருக்கிற பற்றுநூலால் பிடிச்சு ஏறுற கொடி, அந்த நூல் பென்சிலை விடப் பருத்ததைச் சுற்றாது. வழுக்கி வழுக்கி நிலத்தில் படுத்திடும், படுத்த செடியில் மழைத்துளி தெறிச்சு நோய் வரும். அலம்பல்தான் சரி. விடத்தலோ வேறை எதுவோ, கிளை கிளையாய்ப் பிரிஞ்ச காய்ஞ்ச குச்சி, மூன்று அடி நீளத்தில், இரண்டு வரிசைக்கும் நடுவிலே ஓரடிக்கு ஒன்று. செடி மூன்று அங்குலம் வந்ததும் குத்துங்கோ, பிந்தினால் வேர் அறும். பச்சைக் கிளிசறியா குத்தினால் அது வேர் விட்டுத் துளிர்த்து உங்கடை பசளையைக் குடிக்கும், காயவிட்டுத்தான் குத்தவேணும்.

நெடுங்கேணிமண்:

ஒரு மாற்றுக் கருத்து. இவ்வளவு பாடு எதுக்கு? அதே 40 சதுர அடியில் பயிற்றங்காய் போட்டால் சூட்டுக்கும் பயமில்லை, 45, 50 நாளில் காய், இரண்டு நாளைக்கு ஒரு பிடி என்று ஒரு மாதத்துக்கு மேலே பறிக்கலாம். அவரை போட்டால் மார்கழி, தை நாள் குறுகினதும் தானாய்ப் பூத்துக் குலுங்கும். எங்கடை மண்ணுக்கு என்று பிறந்த பயிர் இருக்க, மலைநாட்டுப் பயிருக்குத் தவம் கிடக்கத் தேவையில்லை.

செம்மண்:

விளைச்சல் கணக்குப் பார்த்தால் நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி, அண்ணை. வியாபாரத்துக்கு இதை வன்னியில் யாரும் போடக்கூடாது. ஒரு கிலோ காய் உரிச்சால் 400, 500 கிராம் மணிதான் வரும், 40 சதுர அடியில் ஒரு குடும்பம் சில தரம் ஆசைக்குச் சமைக்கிற அளவு. ஆனால் செடியில் இருந்து நேரே சட்டிக்குப் போற பட்டாணியின் இனிப்பு கடையில் வாங்க ஏலாது. பறிச்ச உடனே சீனி மாவாய் மாறத் தொடங்கிடும், அதுவும் எங்கடை சூட்டில் வேகமாய். கேட்டவர் வீட்டுக்குத்தான் கேட்கிறார். பட்டாணி மாசி நடுவில் முடிஞ்சிடும், அதே பாத்தியில் அலம்பலை எடுத்துவிட்டுப் பந்தல் போட்டு உங்கடை பயிற்றங்காயை ஊன்றலாம். ஆனால் இரண்டும் அவரையினம், தண்டைத் துளைக்கிற போஞ்சி ஈ இருந்த பாத்தி என்றால் அடுத்ததுக்கும் தொத்தும். அப்ப வெண்டி நல்லது.

பூக்கிற காலத்தில் செய்யவேண்டியது ஒன்று விட்டுப்போச்சு. செடி அரையடி வந்ததும் வைக்கலை இரண்டு அங்குலத் தடிப்பில் வரிசைக்கு இடையில் பரப்புங்கோ. வேரடி மண் குளிர்ந்தால் செடி சூட்டைத் தாங்கும். தண்டில் முட்டாமல் நாலு விரல் தள்ளி இருக்கவேணும். மழை நிண்ட பிறகு, தை மாதத்தில், இரண்டு நாளைக்கு ஒரு தரம் முழுப் பாத்திக்கும் 15 முதல் 20 லீற்றர், விடியக் காலமை, பூவாளியால் இல்லாமல் வேரடிக்கு. பூவும் பிஞ்சுமாய் நிற்கிற இரண்டு கிழமையில் ஒரு நாள் காய்ஞ்சாலும் பிஞ்சு சூம்பும். மேற்கு வேலி நிழல் உங்களுக்குக் கிடைச்ச வரம். அது காணாது என்றால் இரண்டு கிடுகைச் சரிச்சுக் கட்டி மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு வாற வெயிலை மறையுங்கோ. காலமை வெயிலை மறைக்காதேங்கோ.

வெட்டுக்காடு:

நோய் பற்றி ஒருத்தரும் விபரமாய் எழுதேல்லை, அதனால்.

முளைச்சு இரண்டாம், மூன்றாம் கிழமையில் செடி திடீரென்று வாடினால் உடனே தண்ணி ஊற்றாமல் தண்டின் அடியைப் பாருங்கோ. மூன்று விதமாய் இருக்கலாம்.

தண்டு மண்ணோடு முட்டுற இடம் வீங்கி, நீளவாக்கில் வெடிச்சிருந்தால் போஞ்சி ஈ. கறுப்புச் சின்ன ஈ, இளம் இலையில் குத்தி முட்டையிடும், புழு தண்டுக்குள்ளால் கீழே இறங்கி அடியில் கூடு கட்டும். வெடிப்பைப் பிரிச்சால் அரிசி நொய் அளவில் பழுப்புக் கூட்டுப்புழு இருக்கும். முழுக்க வாடினதைப் பிடுங்கி எரியுங்கோ, பாத்தியில் போட வேண்டாம். பாதி வாடினதுக்கு இரண்டு அங்குலம் மண் அணைச்சு ஈரமாய் வைச்சால் வெடிப்புக்கு மேலே புது வேர் விட்டுத் தப்பும்.

அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிப் படர்ந்து, அதிலே கடுகு மாதிரிப் பழுப்பு மணிகள் இருந்தால் கழுத்தழுகல் பங்கசு. கச்சான் செய்யிறவைக்கு இது நல்ல பழக்கம். அந்தக் கடுகு மணிதான் விதை, வருசக்கணக்காய் மண்ணில் கிடக்கும். செடியையும் சுற்றிவர ஒரு பிடி மண்ணையும் உரப்பையில் அள்ளி வெளியே கொண்டுபோங்கோ. மக்காத எரு, தண்டில் முட்டின வைக்கல், இரண்டும்தான் இதைக் கூப்பிடுறது. அதனால் போன போகம் கச்சான் நிண்ட துண்டில் பட்டாணி போட வேண்டாம் என்று இதிலேயே சொல்லி வைக்கிறன்.

தண்டு பாசியாய், தண்ணி ஊறின மாதிரி மெலிஞ்சு சாய்ஞ்சால் வடிகால் பிழை. மருந்தைத் தேடாமல் வாய்க்காலை ஆழப்படுத்துங்கோ.

தை மாதத்தில் வாறது வெண்தூள். பகல் காய்ச்சல், இரவு பனி, இந்தக் கலவைதான் அதுக்குப் பிடிக்கும். அடியிலையில் மா தூவின மாதிரி வட்டம் வட்டமாய்த் தொடங்கும். முதல் வட்டத்தைக் கண்ட அன்றே ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணி கலந்து இலையின் இரண்டு பக்கமும் படக் காலமை வெயிலில் அடியுங்கோ, கிழமைக்கு ஒரு தரம். முழுச் செடியும் வெள்ளையான பிறகு அடிச்சுப் பயனில்லை. கந்தகமும் கேட்கும், ஆனால் 32 பாகைக்கு மேலே இருக்கிற நாளில் அடிச்சால் இலை கருகும்.

அழுக்கணவன் பூச்சி குருத்தில் மொய்க்கும். அதோடு எறும்பு ஏறினால் நிச்சயம். விரலால் நசுக்கி, பிறகு தண்ணியைப் பிசுக்கி அடிச்சுக் கழுவினாலே வீட்டுத் தோட்டத்துக்குக் காணும். காய் பறிக்கிற காலத்தில் பீடைநாசினி வேண்டாம், இரண்டு நாளைக்கு ஒரு தரம் பறிச்சுப் பச்சையாய் வாயில் போடுகிற பயிர் இது. உங்களுக்கு அடையாளம் தெரியாத ஏதும் வந்தால் இலையைப் பையில் போட்டு விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கோ, அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுத்துக் கேளுங்கோ.

பூநகரியான்:

உப்புத் தண்ணி உள்ளவை தயவுசெய்து இதை முயல வேண்டாம். பட்டாணி உப்பைத் தாங்காது. இலை ஓரம் கருகிக் கொண்டே வரும், சூடு என்று நினைப்பியள். மாரி மழையில் மட்டும் நம்பி வளர்க்கவும் ஏலாது, தை மாதத்தில் தண்ணி தேவைப்படுகிற நேரம்தான் காய் வைக்கும்.

கிணத்தடித்தோட்டம்:

இப்ப தெளிவாய் விளங்குது. இரண்டு சின்னக் கேள்வி. காய் பறிக்கிற பதம் எப்படித் தெரியும்? நாள் பிந்தி மார்கழி நடுவில்தான் போட முடிஞ்சால் விதையைச் சும்மா வைச்சிருக்கிறதா?

அலம்பல்வேலி:

பதம்: பூ விழுந்து 18 முதல் 21 நாள். காயைச் சுட்டுவிரலும் பெருவிரலுமாய் பக்கவாட்டில் அமத்திப் பாருங்கோ. மணி நிறைஞ்சு காய் உருண்டிருக்கும், ஆனால் தோல் பச்சையாய் மினுங்கவேணும். மினுக்கம் போய் மங்கி, தோலில் வலைநரம்பு தெரியத் தொடங்கினால் ஒரு நாள் பிந்திட்டுது, மணி மாவாய் இருக்கும். அடிக்காய்தான் முதல் முத்தும், அதை விட்டால் செடி "என்ரை வேலை முடிஞ்சுது" என்று மேலே பூப்பதை நிற்பாட்டிடும். ஒரு கையால் கொடியைப் பிடிச்சு மற்றக் கையால் காம்பை நுள்ளுங்கோ. ஒற்றைக் கையால் இழுத்தால் கொடி வேரோடு வரும். விடியப் பனியோடு பறிச்சு அன்றைக்கே சமையுங்கோ.

பிந்தினால் காய்க்கு என்று போடாமல் கீரைக்குப் போடுங்கோ. மருந்து பூசாத விதையை ஒரு அங்குல இடைவெளியில் நெருக்கமாய் விதைச்சு, 20 முதல் 25 நாளில் நுனிக் குருத்தை இரண்டு இலையும் பற்றுநூலுமாய் நுள்ளினால், கீழ்க் கணுவில் இருந்து திரும்ப வெடிக்கும். இரண்டு, மூன்று தரம் எடுக்கலாம். பூக்கவே தேவையில்லாதபடியால் சூட்டுப் பிரச்சினை பாதி குறையும். பொடியாய் அரிஞ்சு, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு வறை வறுத்தால் பட்டாணி வாசம் அப்படியே இருக்கும். பற்றுநூல் முத்தி நார் வைச்சிருந்தால் அதைக் கழிச்சுவிடுங்கோ. கடையில் வாங்கின முழுப் பட்டாணி மிச்சம் இருந்தால் அதுக்கு இதுதான் நல்ல பாவனை. பிளந்த பருப்பு முளைக்காது.

குளக்கட்டு:

ஒன்று சொல்லி விடுறன், இதை இந்த வருசமே தொடங்கவேணும். பட்டாணி தன் மகரந்தத்தால் தானே காய்க்கிறது என்று மேலே எழுதியிருக்கு. அதனால் உங்கடை விதை அடுத்த வருசமும் அநேகமாய் அதே குணத்தோடு வரும், பூசணி மாதிரிக் கலக்காது. 240 செடியில் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. மூன்று, நாலு செடி மற்றதை விட முந்திப் பூக்கும். வேறை சில, தை கடைசியில் மற்றதெல்லாம் பூவைக் கொட்டுகிற நேரமும் இரண்டு பிஞ்சைப் பிடிச்சு வைச்சிருக்கும். அதுகளுக்குச் சிவப்பு நூல் கட்டுங்கோ. அந்தக் காயைப் பறிக்க வேண்டாம், சமையலுக்கு ஆசைப்பட்டு ஒன்றையும் எடுக்க வேண்டாம். வெண்தூள் பிடிச்ச செடி என்றால் நூலைக் கழட்டிடுங்கோ.

காய் செடியிலேயே பழுத்து, காய்ஞ்சு, ஆட்டினால் மணி கலகலக்கிற வரை விடுங்கோ. மாசி மழைக்குணம் கண்டால் கொடியோடு அறுத்துத் தாழ்வாரத்தில் தலைகீழாய்த் தொங்கவிடலாம். உரிச்ச மணியை நிழலில் ஒரு கிழமை காயவிட்டு, பல்லால் கடிச்சால் பள்ளம் விழாமல் டக் என்று உடையிற பதத்தில் போத்தலில் அடையுங்கோ. வண்டு முட்டை ஏற்கெனவே மணியில் இருக்கும், அதனால் நல்லாய்க் காய்ஞ்ச விதையை இறுக்கி மூடின போத்தலோடு மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டில் வைச்சு எடுங்கோ. எடுத்தவுடனே திறக்காமல் போத்தல் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு திறக்கவேணும், இல்லாட்டி உள்ளே தண்ணி வியர்த்து விதை ஈரமாகும். பிறகு சலிச்ச சாம்பல் ஒரு கைப்பிடி போட்டுக் குலுக்கி, பெட்டியின் கீழ்த் தட்டில் அடுத்த கார்த்திகை வரை. போத்தலில் விதைச்ச நாள், முதல் பூ நாள், கடைசிப் பிஞ்சு பிடிச்ச நாள் மூன்றையும் எழுதி ஒட்டுங்கோ.

கிணத்தடித்தோட்டம்:

சிவப்பு நூல் இருக்கு அண்ணை. பாத்தியை ஐப்பசிக் கடைசியில் உயர்த்தி எரு கலக்கிறன், விதை கார்த்திகை 15 அளவில். 25ஆம் நாள் வேரை அலசிப் பார்த்துப் படத்தோடு இங்கே போடுறன்.